மச்சான் முகம்

சாகக் கிடப்பவர்களின் இல்லத்தில், நோயாளி கேட்கிற முகத்தை மாட்டிக்கொண்டு தன்னார்வலர்கள் போய்ப் பேசுவார்கள். எல்லோரும் பிள்ளைகளின் முகத்தைக் கேட்க, ஜெகதீஷ் மட்டும் மச்சான் பிரசன்னாவின் முகத்தைக் கேட்டார். தன் வீட்டுக் கல்யாணப் பந்திக்கு ஜெகதீஷைக் கூப்பிடாததால் முப்பது வருஷமாகப் பேச்சு விட்டுப்போன மச்சான். ஆசை தீரத் திட்டவேண்டுமாம். செவ்வாய்தோறும் பூங்கோதைதான் அந்த முகத்தோடு போய்த் திட்டு வாங்கினாள்.

இன்று அவள் நுழைந்தபோது, கட்டிலருகே நிஜப் பிரசன்னா அழுதுகொண்டிருந்தார்.

"நடிப்பு சரியில்லம்மா. என் மச்சான் அழமாட்டான்," என்று பிரசன்னாவின் கன்னத்தைப் பிடித்து இழுத்தார் ஜெகதீஷ்.

முகம் கழன்று வரவில்லை. வாசலில் இன்னொரு பிரசன்னா நிற்பதை அப்போதுதான் பார்த்தார். ஆனால் பிடித்த கன்னத்தை விடவில்லை.

"நீங்க அடுத்த வாரம் வாங்கம்மா. இவன நான் இன்னும் திட்டவே ஆரம்பிக்கல."