நாலு எலுமிச்சம்பழம்

எலுமிச்சம்பழம் நசியவில்லை.

புதுக் காரின் நாலு சில்லுக்கும் முன்னால் நாலு பழம் வைத்தாயிற்று. சந்தனம் குங்குமம் பூசிக் கற்பூரமும் காட்டியாயிற்று. குருக்கள் "எடுங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டு விடாமல் மணி அடித்துக்கொண்டு நின்றார். கார் உறுமியதே தவிர ஓர் அங்குலம் நகரவில்லை. முன் சில்லு இரண்டும் பனியை அரைத்துப் பின்னால் வீசின. பழத்தின் தோல் கொஞ்சம் உரிந்ததோடு சரி.

லண்டன் ஹைகேட் முருகன் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு நல்ல ஏற்றம். காலையில் மருமகன் லக்‌ஷன் காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது தெரு காய்ந்துதான் கிடந்தது. உள்ளே பூசை முடிவதற்குள் வானம் தன் வேலையைக் காட்டிவிட்டது. விழுந்த பனியைப் போகிற வருகிற சனம் மிதித்து மிதித்து வழுக்குப் பாறை ஆக்கி வைத்திருந்தது.

ஸ்டியரிங்கில் வசந்தமலர். வயது ஐம்பத்தாறு. மூன்றாம் தடவையில் பாஸாகி, லைசென்ஸ் கைக்கு வந்து பதினோரு நாள்.

பக்கத்து சீற்றில் அவள் கணவர் யோகலிங்கம். குளிருக்குக் கோட்டை மடிமேல் விரித்து, இரண்டு கையையும் அதற்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

இருபத்தாறு வருடம் மினிகாப் டாக்ஸி ஓட்டிய மனுஷன். போன வருடம் மாசியில், குரொய்டன் பக்கத்து ஏற்றம் ஒன்றில், இதே மாதிரி ஒரு பனியில் சறுக்கிக் காரை மதிலில் கொண்டுபோய்ச் சாத்தினார். அவருக்கு ஒரு கீறல் இல்லை. பக்கத்தில் இருந்த மலருக்குத் தோள் எலும்பு உடைந்தது.

அன்றைக்கு விட்ட ஸ்டியரிங்கை அவர் பிறகு தொடவேயில்லை.

அதனால்தான் மலர் பழகினாள். திங்கட்கிழமை அவளுக்கு வேலை தொடங்குகிறது. வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்க்கிற வேலை. கார் இல்லாவிட்டால் வேலையும் இல்லை.

யோகலிங்கம் சண்டை பிடித்துப் பார்த்தார். இரண்டு நாள் சாப்பிடாமலும் கிடந்து பார்த்தார். கடைசியில் மலர்தான் ஒரு வழிக்கு வந்தாள். முருகனிடமே கேட்போம், பழம் நசிந்து கார் நல்லபடி வெளிக்கிட்டால் ஓட்டுவேன், இல்லாவிட்டால் காரைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

இதோ, நசியவில்லை. பார்த்தாயா, முருகனே சொல்லிவிட்டான் என்று சொல்ல யோகலிங்கம் வாயைத் திறந்தார்.

சனம் விட்டால்தானே!

லக்‌ஷன் பின்னால் நின்று தள்ளப்போய், புதுச் சப்பாத்து வழுக்கிக் குப்புற விழுந்து எழும்பினான். மகள் கம்சிகா கைப்பைக்குள்ளிருந்து ஒரு சோடி கம்பளிச் சொக்ஸை எடுத்து, சப்பாத்துக்கு மேலாலேயே இழுத்து மாட்டிவிட்டாள். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் கால் நின்றது.

குருக்கள் மணியை வைத்துவிட்டு, வேட்டிக்குக் கீழே றப்பர் பூட்ஸோடு உள்ளே ஓடினார். தேங்காய் உரித்த தும்பு ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து, முன் சில்லுகளுக்கு அடியில் தன் கையாலேயே திணித்தார். சாக்கையும் விடவில்லை, கிழித்து விரித்தார்.

மலர் எடுத்தாள். தும்பு மணத்தது. கார் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு அதே இடத்தில் நின்றது.

மூன்றாம் தரம் அவள் செய்ததை யோகலிங்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதறிப்போய் அக்சிலரேட்டரை மிதிப்பாள் என்றுதான் நினைத்தார். அவள் மிதிக்கவில்லை. காலை எடுத்தாள். ஸ்டியரிங்கை நேராக்கினாள். முதலாம் கியரை விட்டு இரண்டாம் கியரில் போட்டாள். நித்திரையான குழந்தையைக் கட்டிலில் கிடத்துவதுபோலக் கிளட்சை மெல்ல மெல்ல விட்டாள்.

பனியில் மிதிக்கக் கூடாது, மெல்லக் கொடுத்தால்தான் சில்லு நிலத்தைப் பிடிக்கும். யோகலிங்கத்துக்கு இது தெரியாததா? இருபத்தாறு வருடமாகத் தெரியும். தெரிந்திருந்தும் அன்றைக்குக் குரொய்டனில் மிதித்தார். அவள் தோள் உடைந்தது பனியால் இல்லை.

பதினோரு நாள் லைசென்ஸ்காரி மிதிக்கவில்லை.

அவருக்குப் பயம் போய்விட்டது என்றில்லை. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷம் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. அட, இவள் என்னை விட நன்றாக ஓட்டுவாள்!

கோட்டுக்கு அடியில் அவர் கை அசைந்தது.

சதக். பிறகு இன்னொரு சதக்.

"தேசிக்காய் நசிஞ்சிட்டுது!" என்று கம்சிகா துள்ளினாள். அரோகரா என்றது சனம். லக்‌ஷன் சொக்ஸ் காலோடு பின்னால் ஓடிவந்து, மூச்சு வாங்கி நின்று கையாட்டினான். கார் தும்பையும் சாக்கையும் தாண்டி ஏற்றத்தில் ஏறிப் போய்க்கொண்டேயிருந்தது.

மேலே பெரிய ரோட்டில் சிக்னல். அங்கே பனி கரைய உப்புப் போட்டிருந்தார்கள், தார் கறுப்பாகத் தெரிந்தது. மலர் அளவாக நிறுத்தினாள்.

ஹாண்ட்பிரேக்கைப் போட அவளுடைய இடது கை அவர் கோட்டுக்கு அடியில் வந்தது. அவள் இறக்கிவிட்ட பிறகு, மணிச்சத்தத்தின் மறைவில் அவர் களவாக மேலே இழுத்துப் பிடித்திருந்த ஹாண்ட்பிரேக். அவர் கைச்சூடு அதில் இன்னும் ஆறவில்லை.

யோகலிங்கம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ஹாண்ட்பிரேக் லைட் எரிஞ்சுகொண்டிருந்தது எனக்குத் தெரியும், இஞ்சருங்கோ" என்றாள் மலர், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்களா விடவேணும் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான்."