சேர்மன் வீட்டுப் பரங்கிக்காய்

“தேனீ இல்லேன்னா காய் காய்க்காதா? எவன் சொன்னான் உன்கிட்ட? இதோ, கண்ணால பாரு!”

வாகட் பகுதியின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மொட்டை மாடியில், கொடிக்குக் கீழே தொந்தி தள்ளிப் படுத்திருந்த பரங்கிக்காய்களில் பெரியதைத் தட்டிக் காட்டினார் விஸ்வேஸ்வரன். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்று, இப்போது பூச்சிமருந்துக்கு வந்திருப்பவர். குடியிருப்புச் சங்கத்தின் சேர்மன். சந்தேகம் அவருக்குப் பிறர் மீதுதான் வரும். தன் மீது வந்ததாகச் சரித்திரம் இல்லை.

எதிரே நின்ற செக்ரட்டரி பட்டாபிராமன், ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். அவன் தண்ணீர்த் தொட்டியின் பக்கம் கை காட்டினான். தொட்டிக்கு அடியில் தேன்கூடு ஒன்று தொங்கியது.

“மாமா, நாளைக்குப் பெஸ்ட் கன்ட்ரோல் ஆள் வந்து மருந்து அடிச்சா, கூடு மொத்தமும் காலி. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோங்கோ. எனக்குத் தெரிஞ்சவர் வந்து பெட்டியில ஏத்தி, யார் வழியிலயும் இல்லாம அந்த மூலையில வெச்சுடுவார்.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள எத்தனை பேரைக் கொட்டுமோ! மூணாம் மாடி வைஷாலி மூக்கைப் பார்த்தியோல்லியோ? படாட்டா வடா மாதிரி வீங்கிக் கிடக்கு.”

“ஏற்கெனவே பாதி செத்தாச்சு மாமா. நீங்க பூ விரியற நேரமாப் பார்த்து மருந்து அடிக்கறேள். தேன் குடிக்க வந்ததெல்லாம் சுருண்டு விழறது. இப்போ இந்தக் கொடிப் பக்கம் ஒரு தேனீயாவது தெரியறதா, சொல்லுங்கோ.”

விஸ்வேஸ்வரனின் முகம் மலர்ந்தது.

“சபாஷ்! நீயே ஒத்துண்டுட்டே. ரெண்டு மாசமா ஒரு தேனீ எட்டிப் பார்க்கலை. அப்புறம் காய் எப்படி வந்தது? மருந்துடா அப்பா, மருந்து! இதெல்லாம் உன் இன்டர்நெட்ல போட மாட்டான்.”

பட்டாபி குனிந்து காயைத் தூக்கிப் பார்த்தான். அவன் படித்ததெல்லாம் ஒரு பக்கம், பரங்கிக்காய் ஒரு பக்கம். பரங்கிக்காய்தான் கனமாக இருந்தது.

கொஞ்சம் தள்ளி, துவைத்த துணியை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள் சேர்மனின் மனைவி கிரிஜா.

“மாமி, நீங்களாவது சொல்லுங்கோளேன்!”

“அவளை ஏன் இழுக்கறே? சாம்பார்ல விழுந்தப்புறம்தான் அவளுக்கு அது பரங்கின்னே தெரியும்” என்று சிரித்தபடி, செல்போனை எடுத்து எண்களை அழுத்தினார் விஸ்வேஸ்வரன். “ஹலோ, பாய் சாப்? கல் சுபஹ் பக்கா ஆனா...” என்று மருந்தடிப்பவனை மறுநாள் காலை கட்டாயம் வரச் சொல்லி ஹிந்தியில் ஆரம்பித்தார்.

பட்டாபி தொட்டியைப் பார்த்தான். கூட்டில் எஞ்சியிருந்த தேனீக்கள், சேர்மனின் தீர்ப்பு தெரியாமல் வேலையில் மும்முரமாக இருந்தன.

கிரிஜா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“ஏன்னா, தாராளமா வரச் சொல்லுங்கோ. ஆனா நாளைலேர்ந்து விடிகாலம்பற நீங்கதான் எழுந்து இங்க வரணும். ஆண் பூவைப் பறிச்சு, இதழைப் பிச்சுட்டு, மகரந்தத்தைப் பெண் பூ ஒவ்வொண்ணுலயும் தடவணும். பிஞ்செல்லாம் வெம்பி விழுந்துதுன்னு சாதம் இறங்காம உட்கார்ந்திருந்தேளே, அன்னிலேர்ந்து நான்தான் தடவிண்டிருக்கேன். இனிமே என் இடுப்பு தாங்காது.”

மறுமுனையில் ‘ஹலோ, ஹலோ’ என்று கத்திக்கொண்டிருந்த ஹிந்திக்காரனிடம், “வராதேப்பா, வேண்டாம்!” என்று பதற்றத்தில் தமிழிலேயே சொல்லிப் போனை வைத்தார் விஸ்வேஸ்வரன்.

பிறகு கொடியருகே குனிந்து, பட்டாபிக்குக் கேட்காதபடி மனைவியிடம் கிசுகிசுத்தார்: “ஏண்டி, இதுல ஆண் பூ எது?”