அந்தப் பக்கத்துக் கரை

கால் தரையைத் தேடியது. தரை இல்லை.

வடகிழக்குக் காற்று எழும்பியிருந்தது. நீரோட்டம் என்னைத் தெற்கே இழுத்துக்கொண்டு போனது. இந்தியர்களுக்கான எங்கள் கரை எப்போதோ பின்தங்கிவிட்டது. துண்டைப் பிடித்தபடி அங்கே நின்றிருந்த என் மனைவி அம்பிகை, விரல் அளவுக்குச் சிறுத்துவிட்டாள்.

எனக்கு நேர் எதிரே இருந்தது அந்தப் பக்கத்துக் கரை. ஐம்பது கஜம்கூட இருக்காது. கொஞ்சம் தம் பிடித்து நீந்தினால் ஏறிவிடலாம்.

ஏறக் கூடாது.

தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் நகரைக் கடலுக்குள்ளிருந்து பார்க்க வேண்டும். காலை வெயிலில் ஹோட்டல்கள் வரிசையாக மின்னும். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு சூரியன். அப்படி ஓர் அழகு. அந்த அழகுக்கு முன்னால் விரிந்த மணலில் வெள்ளையர் மட்டும்தான் கால் வைக்கலாம் என்று ஒரு பலகை. கடலுக்குள் பலகை நட அவர்களுக்கு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

என் அண்ணன் சுப்ரியையும் இதே காற்றுதான் இங்கே கொண்டுவந்து தள்ளியது. உயிர் தப்பினால் போதும் என்று அவன் ஏறினான். இரண்டு போலீஸ்காரர்கள் விசிலடித்துக்கொண்டு ஓடிவந்து அவனுடைய வலது கையைப் பின்னால் முறுக்கினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கையால் அவன் சோறு பிசைந்ததில்லை.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். சொன்னவர் டர்பனில் நீந்தியதில்லை. இங்கே சாணுக்கும் சட்டம், முழத்துக்கும் சட்டம்.

எங்கள் கரையைப் பார்த்து நீந்தினேன். நீந்த நீந்த அது தள்ளிப் போனது. மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறியது. தோள் இரண்டும் மரத்துவிட்டன. பயமாக இருந்தது. சாவதைவிட அந்த மணலில் கால் படுவதுதான் பயமாக இருந்தது.

அப்போது விசில் சத்தம்.

கரையில் ஒருவன் கையை ஆட்டிக்கொண்டே தண்ணீரை நோக்கி ஓடிவந்தான்.

நான் திரும்பி ஆழத்தை நோக்கி நீந்தினேன்.

அவன் விடவில்லை. பின்னாலிருந்து மார்பைச் சுற்றி வளைத்துப் பிடித்தான். திமிறினேன். முழங்கால் மணலில் உரசியதும் என் வலது கையை வயிற்றோடு சேர்த்து மறைத்துக்கொண்டேன்.

"தண்ணிதான் இழுத்துட்டு வந்துருச்சு சார். நானா ஏறல. இப்பவே போயிடுறேன் சார்."

அவன் மூச்சு வாங்க வாங்கச் சிரித்தான்.

"எங்க போறீங்க பாபா? விசில் அடிச்சா கரைக்கு வரணும். நீங்க என்னடான்னா இந்தியாவுக்கே நீந்திடுவீங்க போலிருக்கே!"

கறுப்பின ஜூலு இளைஞன்; அவர்கள் மொழியில் பாபா என்றால் அப்பா. சிவப்பு அரைக்கால்சட்டை, உயிர்காக்கும் நீச்சல் வீரர்களின் பனியன். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். அந்தப் பலகைகளைப் பிடுங்கிப் போட்டபோது அவன் பிறந்திருக்கவே மாட்டான். அவனுக்குப் பின்னால் எல்லா நிறத்துப் பிள்ளைகளும் ஒன்றாக மணல் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு எழுபத்தொரு வயது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அம்பிகையிடம் சொல்லிச் சிரித்துவிட்டால் சரியாகிவிடும் என்று அவளைத் தேடினேன்.

அழுதுகொண்டே கரையோரமாக ஓடிவந்துகொண்டிருந்தாள்.

பலகை இருந்த இடம் வந்ததும் நின்றுவிட்டாள்.

அங்கிருந்தே துண்டை நீட்டினாள்.