பரிமளரங்கனின் செவிப்பறை

மனிதச் செவி படைப்பின் சிகரம் என்றும், அந்தச் சிகரத்தின் உச்சி தன் இரு காதுகளே என்றும் பாடகர் பரிமளரங்கன் மேடைதோறும் சொல்லிவந்தார். சபாவில் நடந்த காது பரிசோதனை முகாமில் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்தவர், அவருடைய போட்டிப் பாடகர் சபேசன். டாக்டரம்மா சபேசனின் காதுக்குள் கேமராவை நுழைத்ததும் டிவியில் செவிப்பறை பளபளத்தது.

"அடடா, முத்து மாதிரி இருக்கு சார்! உள்ளே இருக்கிற சுத்தி எலும்புகூடத் தெரியுது பாருங்க."

கூட்டம் கைதட்டியது. பரிமளரங்கனுக்கு வயிறு எரிந்தது. பாட்டுக்குத்தான் தட்டுகிறார்கள் என்றால், பறைக்குமா?

"என்னுதையும் பெரிசா போடுங்கோம்மா, எல்லாரும் பாக்கட்டும்" என்று முண்டியடித்து அமர்ந்தார்.

திரையில் பறையையே காணோம். வெள்ளையாக என்னவோ அடைத்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா இடுக்கியால் இழுக்க, பஞ்சுத் துணுக்கு வந்தது. மறு காதிலும் ஒன்று வந்தது.

"எப்ப வெச்சீங்க சார்?"

"ஞாயித்துக்கிழமையா இருக்குமோ அண்ணா?" என்றார் சபேசன். "என் கச்சேரியில முன்வரிசையில உக்காந்து, பாட்டுக்குப் பாட்டு தலையாட்டினேளே!"

"குளிருக்கு வெச்சது" என்றார் பரிமளரங்கன்.

அது சித்திரை மாதம்.