இளவரசனை வீட்டுக்கு விடாத சித்தர்

ஆற்றுப் பக்கம் மறுபடியும் அந்தச் சத்தம். யாரோ ஒரு பெண்ணின் கழுத்தைப் பிடித்து நெரித்து, பாதியில் கைவிட்டுவிட்ட மாதிரி.

நான் மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

"ஆந்தை புள்ள. நீ வாசி," என்றார் பக்கத்தில் இருந்த சபூரா ராத்தா. "அந்தக் கள்ளக் கிழவன் இண்டைக்கு என்ன செய்றான்?"

கள்ளக் கிழவன் என்றது வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் வரும் வெண்தாடிச் சித்தரை. வழிதவறிய இளவரசனை ஊருக்குக் கூட்டிப்போகும் ஞானி. கோலால் தட்டினால் மலை விலகும்.

என் கணவருக்கு வாழைச்சேனை ரயில்வே ஸ்டேசனில் இரவு வேலை. விளக்கு வைக்கிற நேரம் போனால் விடியத்தான் வருவார். குவாட்டர்ஸில் நானும் எட்டு மாதக் குழந்தையும். பின்னால் ஆறு, பக்கத்தில் காடு.

அவர்கள் பேச்சில் ராத்தா என்றால் அக்கா, காக்கா என்றால் அண்ணன். ராத்தாவுக்கு வயதும் என் அக்காவின் வயதுதான். கணவர் இறந்த பிறகு பாய் இழைத்துப் பிழைக்கிறவர். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வீடு. எழுத்துத் தெரியாது, கதை என்றால் உயிர். இராத் தொழுகை முடிந்ததும் அரிக்கன் லாம்போடு வருவார். ஒரு அத்தியாயத்தை ஆறு துண்டாக்கி, இரவுக்கு ஒன்றாக வாசிப்பேன். துண்டு முடிந்தால் எழும்பிவிடுவார். கெஞ்சினாலும் ஒரு நிமிசம் கூட இருக்கமாட்டார்.

நான் பத்திரிகையைப் பிரித்தேன்.

"'தூரத்தில் அரண்மனை விளக்குத் தெரிந்தது. அம்மா என்று கூவிக்கொண்டு இளவரசன் ஓடினான். சித்தர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். மகனே, அது உன் வீடல்ல, வடக்கே நட என்றார்.'"

"அது அவன்ட வீடுதானே?"

"ஓம் ராத்தா."

"கிழவனுக்கு அது தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டா பொய் சொல்றான்? நாசமாப் போறவன்! போன கிழமை குதிரையை வித்தான். அதுக்கு முந்திக் கப்பல் போயிட்டெண்டு புளுகினான். கப்பல் பின்னுக்கே நிக்கிது. இவனெல்லாம் ஒரு குருவா?"

"பெரியவர் ஏதாவது காரணமாத்தான்…"

"என்ன காரணம்? வாசி, கேப்பம்."

நான் பக்கத்தைப் பார்த்தேன். அதில் கூந்தல் தைல விளம்பரம்தான் இருந்தது.

உண்மை இதுதான். கதை மூன்று கிழமைக்கு முன்பே முடிந்துவிட்டது. சித்தர் இளவரசனைப் பத்திரமாக வீடு சேர்த்தார், சுபம் என்று போட்டிருந்தது. அதை வாசித்தால் மறுநாளிலிருந்து ராத்தா ஏன் வரப்போகிறார்? அந்த அத்தியாயத்தை ஒளித்துவைத்தேன். இளவரசன் வீட்டை நெருங்கும்போதெல்லாம் சித்தரை ஏவி வேறு பக்கம் திருப்பிவிட்டேன். கொன்வென்டில் பத்து வருசம் படித்ததற்கு இதுதான் பலன்.

"வடக்கே ஒரு அரக்கன் இருக்கிறான்," என்று தைல விளம்பரத்தைப் பார்த்து வாசித்தேன். "அவனைக் கொன்றால்தான்…"

"அரக்கனைத்தான் முந்தநாள் கொன்னுபோட்டானே!"

"இது அவன்ட தம்பி ராத்தா."

"எத்தினை தம்பிமார்?"

ஆற்றுப் பக்கம் மறுபடியும் கழுத்து நெரிபட்டது.

"ஏழு," என்றேன் அவசரமாக.

"யா அல்லா! என்ட கையில அந்தக் கிழவன் கிடைச்சானெண்டா பாயில சுருட்டி ஆத்துல போடுவன். அந்தத் தாய்க்காரி எத்தினை நாளைக்கு விளக்கை வெச்சிட்டுக் குந்திரிப்பா?"

நான் நிறுத்தாமல் வாசித்தேன். முதல் தம்பி செத்தான். இரண்டாவது தம்பி வாயைப் பிளக்கும்போதுதான் கவனித்தேன்: பத்திரிகை என் கையில் இல்லை. மகளின் வாயில் இருந்தது. தைலத்தில் பாதியைச் சப்பிவிட்டாள்.

ராத்தா விரலை விட்டுக் குழந்தையின் வாயிலிருந்த தாளை எடுத்தார்.

"புள்ள, உன்ட மாப்புள பழைய புத்தகங்களை முத்தலிப் காக்காட கடைக்குக் குடுத்தாரா?"

"ஓம், போன மாசக் கடைசியில…"

சொல்லும்போதுதான் நினைவு வந்தது. கடைசி அத்தியாயத்தை ஒளித்துவைத்தது அந்தப் பழைய புத்தகக் கட்டுக்குள்தான்.

"போன கிழமை அதுல ஒரு தாளிலதான் காக்கா எனக்குச் சீனி சுத்தித் தந்தார். படத்துல தாடிக்காரனைக் கண்டிட்டு, வாசிங்க காக்கா எண்டன். கடைசி எழுத்துவரைக்கும் வாசிச்சார்."

எனக்கு முகம் சுட்டது.

"தெரிஞ்சுமா ஒவ்வொரு நாளும் வந்தீங்க?"

"பின்ன? அது கிடக்கட்டும். நீ பயந்ததுக்கு அந்த நல்ல மனுசன் என்ன குத்தம் செஞ்சார்? குதிரை வித்தாரெண்டிட்டாய்!"

"நீங்களும்தானே ராத்தா ஏசினீங்க…"

"ஏசாம? பொய்யெண்டு தெரிஞ்சும் கோவம் வருது, அப்பிடித்தானே வாசிக்காய்! அந்தப் பாவம் என்ட தலையில. இப்பவே அவரை நல்லவராக்கு. ம், சொல்லு."

சொன்னேன். இரண்டாவது தம்பி வாயை மூடிக்கொண்டு போய்விட்டான். சித்தர் இளவரசனின் கையை விட்டார். "அது உன் வீடுதான் மகனே, போ" என்றார். தாய் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் ராத்தா. லாம்பைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். வழக்கம்போலத் திரும்பிப் பாராமல் வாசலுக்கு நடந்தார்.

மறித்துவைக்க என்னிடம் இனி அரக்கனுமில்லை, தம்பியுமில்லை. மகளை மார்போடு அணைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

பிறகு தாழ்ப்பாள் விழுந்தது. உள்பக்கத் தாழ்ப்பாள்.