மாடிச் சுற்று

தெருத்தெருவாக நடந்தே தபால் கொடுத்த தபால்காரம்மா, இப்போது மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடக்கிறாள். நெஞ்சைத் திறந்து தைத்தது போன மழைக்காலத்தில். தையல் ஆறிவிட்டது, வெளியே நடக்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார், கணவர்தான் இன்னும் மனசு வைக்கவில்லை. படிக்கட்டுக் கதவைச் சாத்தி, அதை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். சாய்வெயிலில் நீளும் அவள் நிழல் ஒவ்வொரு சுற்றிலும் கைப்பிடிச்சுவரில் ஏறி மடங்குகிறது. கீழே சாலையில் பேச்சும் சிரிப்பும் கேட்கிறது. நெடுந்தூர நடைப்போட்டிக்குப் பழகும் அவளுடைய கூட்டாளிகள் போகிறார்கள். "அக்கா, எப்ப வர்றீங்க?" என்று ஒருத்தி அண்ணாந்து கூவுகிறாள். இவள் கையசைப்பதற்குள், "கையை ரொம்பத் தூக்காத" என்கிறார் அவர். "ஏங்க, தெருமுனை வரைக்கும் போய்ட்டு வரலாமே. நீங்களும்தான் கூட வாங்களேன்." "நடுத்தெருவுல உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரைக் கூப்பிடுவேன்? இங்கயே நட. எவ்வளவு வேணும்னாலும் நட, நான் வேணாம்னா சொல்றேன்?" அவள் சுவரோரம் நின்று, கூட்டாளிகள் திருப்பத்தில் மறைவதைப் பார்க்கிறாள். பின்னால் நாற்காலி கிரீச்சிடுகிறது. "என்னம்மா, வலிக்குதா? ஏன் நின்னுட்ட?" சட்டைப்பையில் மாத்திரையைத் துழாவிக்கொண்டே அவர் ஓடி வருகிறார். முகம் வெளுத்திருக்கிறது. சும்மா நின்று வேடிக்கை பார்க்கக்கூட அவளுக்கு வழியில்லை. அவள் நின்றால் அவருக்கு உயிர் போய் உயிர் வருகிறது. "ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லி, அவள் மறுபடி நடக்கிறாள்.