அணை உடையவில்லை

மழை விட்டு இரண்டு நாளாகிறது. அணை உடைந்துவிட்டதென்று தாராவியே டிரங்குப் பெட்டியோடு ஓடிக்கொண்டிருந்தது. பத்திரிகை நிருபர் நான், டிரங்க் கால் போட்டு அணை அதிகாரியிடமே கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். உடையவில்லை. எந்தக் கழுதை கிளப்பிய புரளி இது? ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டி, கடைசியில் தையல்கார ரஷீதாவிடம் வந்து நின்றது.

"உங்களுக்கு யாரும்மா சொன்னா?"

"நீங்கதான சொன்னிய! காலைல தொப்பலா நனைஞ்சு வந்திய. தலை துவட்டப் பச்சைத் துண்டு குடுத்தேன்லா?"

"காலம்பற நான் ஆபீஸ்ல இருந்தேன். டேம் நன்னா இருக்கு, நம்புங்கோ!"

"காலைல வந்த உங்கள நம்பவா, இப்ப வந்த உங்கள நம்பவா?"

எரிச்சலோடு பிரஸ் கார்டை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன். பச்சைத் துண்டு வந்தது. பிழிந்தேன். தண்ணீர் நிற்கவே இல்லை.